80 மைல் சாலை, 65 மைல் டயர்

டெக்சஸின் மேற்குப் பகுதியில் ஐ-10 நெடுஞ்சாலையின் வேகப் பலகையில் 80 என்று போட்டிருக்கும். மணிக்கு 80 மைல், அதாவது கிட்டத்தட்ட 129 கிலோமீட்டர். கெர்வில் தாண்டி எல் பாசோ பக்கம் போகிற அந்தச் சாலையில் கார்கள் அந்த வேகத்தில்தான் பறக்கின்றன. பின்னால் டிரெய்லர் கட்டிய பிக்கப் வண்டிகளும் அவற்றோடு சேர்ந்து பறக்கின்றன. ஆனால் டிரெய்லருக்கென்றே செய்கிற எஸ்டி வகை டயர்கள் நெடுங்காலமாக 65 மைலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பக்கச் சுவரில் வேறு வேகக் குறி இல்லையென்றால் அதுதான் வரம்பு. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவர்கள் 55-ஐத் தாண்டக் கூடாது என்று சட்டமே உண்டு. டெக்சஸில் அப்படி எதுவும் இல்லை. கோடை முழுவதும் அந்தச் சாலையோரத்தில் கறுப்பு ரப்பர்ப் பட்டைகள் சுருண்டு கிடக்கும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் எங்கள் வீடு. கொரோனா அடங்காத நாட்களில் விமானமும் வேண்டாம், ஓட்டலும் வேண்டாம் என்று அமெரிக்காவில் பலரும் படுக்கையும் அடுப்பும் உள்ள டிரெய்லர்களை வாங்கிக்கொண்டு காட்டுப் பக்கம் கிளம்பினார்கள். 2021-இல் மட்டும் தொழிற்சாலைகளிலிருந்து ஆர்வி எனப்படும் இந்த வகை வீட்டு வண்டிகள் 6 லட்சம் வெளியே போயின. அதுவரை அப்படி ஒரு வருடம் இருந்ததில்லை. பியர்லாந்து மீனாட்சி கோயில் வண்டி நிறுத்தத்தில்கூட, எந்தப் பூங்காவில் இடம் கிடைக்கிறது, எத்தனை அடி டிரெய்லர் என்று பேச்சு ஓட ஆரம்பித்தது. நாங்கள் வாங்கியது பழைய வண்டி. இரண்டு அச்சு, நான்கு சக்கரம், இடப் பக்கம் வெளியே நகரும் சமையலறை. விற்றவர்கள் வயதான தம்பதி. ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வெளியே எடுத்தார்களாம். டயர்களில் பட்டன் அப்படியே இருந்தது. வாங்கும்போது யார் பார்த்தாலும் நல்ல டயர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஒரு ஆகஸ்ட் மாதம் ஃபோர்ட் டேவிஸ் மலைக்குக் கிளம்பினோம். அங்கே மெக்டொனால்டு வானாய்வகத்தில் இரவில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் காட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அதைப் பார்க்க வேண்டும். ஒசோனா ஊரைத் தாண்டி ஃபோர்ட் ஸ்டாக்டன் நோக்கிப் போகும்போது பிற்பகல் வெயில் உச்சத்தில் இருந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். பிறகு பக்கத்தில் வந்து, கையை வெளியே நீட்டிக் கீழே காட்டினார். பிக்கப்பில் இருந்த எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. டிரெய்லர் டயர் போனால் ஓட்டுகிறவர் கைக்கு அது வந்து சேராது. காரில் ஸ்டியரிங் இழுக்கும், இதில் அதுவும் கிடையாது. இரண்டு அச்சு வண்டியில் பக்கத்து டயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

இடப் பக்கம், பின் சக்கரம். அதாவது வண்டிகள் பறக்கிற பக்கம். அங்கே இறங்கி ஜாக்கி வைக்க முடியாது. சாலையோரத்தில் நடை வேகத்தில் உருட்டி, அடுத்து வந்த வெளியேறும் வழியில் ஒதுங்கினோம். டயரின் மேல் வளையம் முழுசாகப் பிய்ந்து போயிருந்தது. பிய்ந்த பட்டை சுற்றிச் சுற்றி அடித்ததில் சக்கரத்துக்கு மேலிருந்த தகரம் கிழிந்து, அடித்தட்டு தொங்கி, பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகுழாய் இரண்டாக உடைந்து கிடந்தது. அந்தக் குழாய்க்கு ஒரு சாண் தள்ளித்தான் அடுப்புக்குப் போகிற கேஸ் குழாய். முதலில் ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன். மனைவி பிள்ளைகளை வேலிப் பக்கம் தள்ளிக் கூட்டிப்போய் நிறுத்தினாள். அந்த ஒரு சாண் இடைவெளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஃபோர்ட் ஸ்டாக்டனில் ஒரு டயர்க் கடை. கடைக்காரர், போன டயரைப் பார்ப்பதற்கு முன்னால் அதற்கு முன்னாலிருந்த டயரைத்தான் கழற்றினார். அதற்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டேன். ஒரு டயர் போன கணத்திலிருந்து இதுதான் இரண்டு டயரின் பாரத்தையும் சுமந்திருக்கிறது, அடுத்தது இதுதான் என்றார். தரையில் நிறுத்தி மெதுவாக உருட்டிக்கொண்டே உள்ளங்கையை மேலே வைத்து வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு. கத்தியை விட்டு அறுத்து ரப்பரை உரித்துக் காட்டினார். உள்ளே இரண்டு இரும்புக் கம்பி அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். அந்த மேடு இருந்த இடத்தில் அவை விட்டுப்போய், ஒன்றன்மேல் ஒன்று உரசி உரசிப் பளபளவென்று தேய்ந்திருந்தன. மற்ற இடங்களில் ரப்பர் சொரசொரப்பாகக் கம்பியோடு கிழிந்து வந்தது. இந்த இடத்தில் அது காகிதம் மாதிரி தானாகவே பிரிந்து வந்தது.

எல்லோரும் டயர் ‘வெடித்தது’ என்கிறோம். பெரும்பாலும் அது திடீரென்று நடப்பதில்லை. டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் ஒரு பங்கு வெப்பமாகிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. காற்று குறைந்தால் நசுங்கல் கூடும், பாரம் ஏறினால் கூடும், வேகம் ஏறினால் ஒரு நிமிடத்துக்கு நசுங்கும் தடவை கூடும். மூன்றும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். ரப்பரும் கம்பியும் ஒட்டியிருக்கிற அந்த மெல்லிய இடம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. சென்ற கோடையில் ஒரு நாள் காற்று குறைவாக ஓடியதன் வினை இந்தக் கோடையில் வந்து நிற்கும்.

டிரெய்லர் டயருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. முகாமிடும் இடத்தில் வண்டியைப் பின்னால் தள்ளும்போது வெளியே நின்று பார்த்தால் தெரியும். இரண்டு அச்சிலும் சக்கரங்கள் திரும்பாது. வண்டி வளையும்போது நான்கு டயரும் பக்கவாட்டில் இழுபடும். பக்கச் சுவர் முறுகிக்கொண்டு ரிம்மை விட்டே வந்துவிடும்போல வளைந்து, சரளையைக் கீறியபடி ஒரு துள்ளலில் நேராகும். அடுத்து, ஓடாமல் நிற்பதும் டயருக்குக் கேடு. டயர் ரப்பரில் வெடிப்பைத் தடுக்க ஒரு மெழுகு கலக்கிறார்கள். டயர் ஓடி வளைந்து நிமிரும்போதுதான் அது மேலே கசிந்து வந்து காக்கும். மாதக்கணக்கில் வெயிலில் நின்றால் மேல்தோல் காய்ந்துவிடும். கார் டயர் தேய்ந்து சாகிறது. டிரெய்லர் டயர் தேயாமலே வயதாகிச் சாகிறது. விற்ற தம்பதி வண்டியை நன்றாகத்தான் பாதுகாத்தார்கள். ஓட்டாததே அந்த டயர்களின் ஆயுளைக் குறைத்திருந்தது.

கடையில் அன்று இருந்தது அதே அளவு, அதே ரகம். இடப் பக்கம் இரண்டையும் மாற்றிக்கொண்டு ஃபோர்ட் டேவிஸ் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் சனி வளையத்தைப் பார்த்தார்கள். ஊர் திரும்பியதும் வலப் பக்கத்து இரண்டையும் மாற்றினோம். டயரைத் திட்டுவதோடு விஷயம் முடிந்திருக்கும். மாமா வராமல் இருந்திருந்தால்.

என் மாமனாருக்கு நாமக்கல். லாரி வைத்து ஓட்டியவர், பிறகு ஓட்டுநர்களை வைத்து நடத்தியவர். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவரை அந்தத் தீபாவளி விடுமுறையில் கெர்வில் பக்கத்து ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனோம். வண்டி எங்கே நின்றாலும் மாமா முதலில் இறங்குவார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் டிரெய்லரைச் சுற்றி வருவார். புறங்கையை ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் வைத்து எடுப்பார். சக்கர நடுவிலும் வைப்பார், தாங்கி சூடாகிறதா என்று. நாமக்கல்லில் இருந்து நாக்பூர் வரை போகிறவர்களுக்கு அது பல் தேய்ப்பது போன்ற பழக்கம்.

திரும்பி வரும்போது கொலம்பஸ் ஊரில் பெட்ரோல் போட நிறுத்தினோம். மாமா ஒரு சுற்று வந்தார், மறுபடியும் ஒரு சுற்று வந்தார்.

“மாப்பிள்ளை, இங்க வந்து கையை வச்சுப் பாருங்க.”

இடப் பக்கப் பின் டயரில் கை வைத்தேன். வைத்த கையை எடுக்கத் தோன்றியது.

“வெயிலுங்களா மாமா?”

“வெயிலு அந்தப் பக்கமல்லங்க அடிக்குது. நாம கிழக்க பார்த்துப் போறோம், பொழுது தெக்கால சாஞ்சிருக்குது. வலப் பக்கம் சூடா இருந்தா சரி. இது நெழல்ல வந்த பக்கமுங்க. அந்தப் பக்கத்தைவிட இது கொதிக்குது.”

“காற்று காலையில் பார்த்தேன் மாமா, சரியாகத்தான் இருந்தது.”

“காத்து சரிதானுங்க. பாரம் ஒரு பக்கமா இருக்குது. எதுக்கும் எடை போட்டுப் பாத்துருங்க.”

இப்போது காற்றைக் கொஞ்சம் இறக்கட்டுமா என்று கேட்டதற்கு மட்டும் குரல் உயர்ந்தது. “சூட்டுல காத்து ஏறத்தானுங்க செய்யும். அதை இறக்கவே கூடாது. இறக்கினா இன்னும் நசுங்கி இன்னும் சூடாகும். காத்துங்கறது காலையில, வண்டி எடுக்கறதுக்கு முன்ன, வெயில் படறதுக்கு முன்ன பாக்கறது.”

நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். அது அச்சு எடையைக் காட்டும். இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று அதில் பிரித்துப் பார்க்க முடியாது. ஹூஸ்டனுக்கு வடக்கே லிவிங்ஸ்டன் ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்விக்காரர் சங்கத்தின் தலைமையிடம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டுத் தருவார்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு, பயணத்துக்கு எப்படிக் கட்டுவோமோ அப்படியே சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிப் போனோம்.

அச்சு எடை இரண்டும் வரம்புக்குள்தான் இருந்தன. இடப் பக்கப் பின் சக்கரம் மட்டும் டயர் தாங்கக்கூடியதைத் தாண்டியிருந்தது. காரணம் கண் முன்னாலேயே இருந்தது. வெளியே நகரும் சமையலறை, குளிர்பெட்டி, அடுப்பு எல்லாம் அந்தப் பக்கம். மாவு அரைக்கும் கிரைண்டரும் அரிசி மூட்டையும் அதே பக்கத்து அலமாரியில். 40 காலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அதுவே 330 பவுண்டுக்கு மேல். அத்தோடு வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே தூக்கி நின்றதால் பின் அச்சுக்குக் கூடுதல் சுமை.

அதற்குப் பிறகுதான் டயரில் எழுதியிருப்பதை உட்கார்ந்து படித்தேன். எங்கள் வண்டியில் இருந்தது எஸ்டி 205/75ஆர்14, சுமை ரகம் சி. குளிர்ந்த நிலையில் 50 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர் தாங்குவது 1,760 பவுண்டு. அச்சின் தாங்குதிறன் 3,500 பவுண்டு. ஒரு அச்சுக்கு இரண்டு டயர், 3,520 பவுண்டு. மிச்சம் 20 பவுண்டு, ஒரு அரிசிப் பை. அந்த 20-ஐ நம்பித்தான் ஒரு குடும்பத்தை ஆகஸ்ட் வெயிலில் நெடுஞ்சாலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. டயர் அச்சைத் தாங்குகிறது, கணக்கு சரி. ஆனால் பாரம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும் என்று எடுத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு சரி. சமையலறையை ஒரே பக்கம் வைத்துக் கட்டியவர்களுக்கு அது சமமாகப் பிரியாது என்று தெரியாமலா இருக்கும்?

டிரெய்லர்க்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் டயர் எந்த நாட்டில் செய்தது என்று திட்டுவதைக் கேட்கலாம். மட்டமான டயர்கள் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனாலும் அந்தத் திட்டில் பாதி, வண்டியைக் கட்டியவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. எவ்வளவு உயர்ந்த கம்பெனி டயராக இருந்தாலும், 1,760 பவுண்டு தாங்குகிற டயரில் 1,900 ஏற்றி 75 மைலில் ஓட்டினால் அது எத்தனை கோடை தாங்கும்?

அடுத்து வாங்கியபோது அளவு மாற்றவில்லை, ரகத்தை மாற்றினோம். அதே அளவில் சுமை ரகம் டி, 65 பிஎஸ்ஐ காற்றில் 2,040 பவுண்டு தாங்கும். ஒரு அச்சுக்கு 20 பவுண்டு மிச்சம் என்றிருந்தது 580 ஆனது. பெரிய டயர் போடலாமே என்று சிலர் சொன்னார்கள். முன்னும் பின்னும் உள்ள டயர்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியும் மேலே தகரத்துக்கு உள்ள இடைவெளியும் எங்கள் வண்டியில் அதற்கு இடம் தரவில்லை. ரகத்தை ஏற்றினாலும் ரிம் அதற்கு ஒத்துவர வேண்டும். ரிம்மின் உட்பக்கத்தில் அது தாங்கும் பாரமும் காற்றும் பொறித்திருக்கும், அதைக் கழற்றித்தான் படிக்க வேண்டும். எங்களுடையது 65-க்குச் சரியாக இருந்தது. சாதாரண ரப்பர் வால்வுகள் 65 பிஎஸ்ஐ-யோடு முடிந்துவிடும் என்பதால் உலோக வால்வு போடச் சொன்னோம். காற்று கூடினால் வண்டி கொஞ்சம் துள்ளும், உள்ளே தட்டுகள் சத்தம் போடும். அதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

கார் டயரையே போட்டால் என்ன என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கார் டயரை டிரெய்லரில் மாட்டினால் அதன் தாங்குதிறனை 1.1-ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க விதியே சொல்கிறது. பக்கச் சுவர் மெத்தென்று இருப்பதால் டிரெய்லர் ஆடவும் செய்யும். 16 அங்குல ரிம் உள்ள பெரிய வண்டிக்காரர்கள் இலகு லாரிகளுக்கான எல்டி டயர் போடுகிறார்கள், நன்றாகவே உழைக்கிறது. எங்கள் 14 அங்குலத்தில் அந்த வழி இல்லை.

வேகக் குறியும் இப்போது பல எஸ்டி டயர்களில் வருகிறது. எல் என்றால் 75 மைல், எம் 81, என் 87. குட்இயர் 2017-இல் அமெரிக்காவில் தயாரித்து வெளியிட்ட எண்டூரன்ஸ் டயரில் என் குறி இருக்கிறது. 65 மைல் டயரோடு 80 மைல் சாலையில் போவதைவிட இது நிச்சயம் மேல். ஆனால் அந்தக் குறி டயருக்குத்தான். டிரெய்லரின் பிரேக்கும் அச்சும் அதே பழையவைதான். எண்டூரன்ஸ் போட்ட பிறகும் நான் 65-ஐத் தாண்டுவதில்லை. பின்னால் வருகிறவர்கள் முறைத்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள்.

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து பலர் இறந்த பிறகு, 2000-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அதன்படி கார்களில் காற்றழுத்தம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. டிரெய்லருக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. டயர் போனால் ஓட்டுகிறவருக்குத் தெரியாத வண்டி எதுவோ, அதைத்தான் விட்டுவிட்டார்கள். வால்வில் மூடிக்குப் பதிலாகத் திருகி வைக்கும் சென்சார்களைத் தனியே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காற்றும் சூடும் ஓட்டுநர் முன்னால் தெரியும். இதைச் சட்டமாக்க வேண்டும் என்று கேட்பதற்கு இன்னும் எத்தனை வடிகுழாய் உடைய வேண்டும்? மாமா அதை வாங்கச் சொன்னார், தன் புறங்கையை மட்டும் நிறுத்தவில்லை.

சமீபத்தில் நண்பர் ஒருவர் பழைய டிரெய்லர் ஒன்று பார்த்திருந்தார். வந்து பாருங்க, டயரெல்லாம் புத்தம் புதுசு, ரப்பர் முடிகூட உதிரலை என்றார். முடி இருந்தது உண்மைதான். தேதிக் குறி டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுதாக இருக்கும், பெரும்பாலும் அது உட்பக்கம் பார்த்துதான் மாட்டியிருக்கும். வண்டிக்கு அடியில் படுத்து, போன் வெளிச்சத்தில் டாட் என்று தொடங்கும் குறியைத் தொடர்ந்து போய்க் கடைசி நான்கு இலக்கத்தைப் படித்தேன்: 3516. அதாவது 2016-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். டிரெய்லர் டயருக்கு ஐந்தாறு வருடம் ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது எங்கள் வட்டத்தில் இப்போது எழுதாத விதி. பக்கச் சுவரை அழுத்தி விரித்தபோது மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. நண்பர் ஒன்றும் பேசவில்லை, விற்பவரிடம் போய் நான்கு டயரின் விலையைக் குறைத்துக்கொண்டு வந்தார்.

கடைக்குப் போன் செய்து ரகம் டி-யில் நான்கு, தேதி இந்த வருடத்துக்குள் இருக்க வேண்டும், மாட்டுவதற்கு முன்னால் நானே பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வண்டியின் பின்பக்கம் போனேன். ஸ்டெப்னி பம்பரில், வருடக்கணக்காக வெயிலைப் பார்த்தபடி, மூடியில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதே 3516. போனை வைக்காதீங்க, ஐந்தாகச் சொல்லுங்க என்று கத்தினேன்.